வரைபடத்தில் அடிக்கோடு

எழுத்துக்கு அடியில் இழுக்கப்படும் ஒரு சிறு கோட்டைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வேண்டுமோ என அன்பர் சிலர் வினவுதல் கூடும். அக்கோடு பாடப்புத்தகத்தில் இருக்கும்போது அதனால் நன்மையன்றித் தீமை யாதும் விளைவதில்லை. காணிப்படத்திலோ கட்டடப்படத்திலோ அது புகுந்தவிடத்து நிலைமை வேறாகின்றது. அங்கே ஒவ்வொரு கோடும் ஒரு பொருளைக் குறிப்பது. சுவர் ஒரு கோடு. எல்லை ஒரு கோடு. வாய்க்கால் ஒரு கோடு. அவற்றினிடையே, ஒரு பெயரைச் சிறப்பிக்க வந்த கோடும் தான் இன்னதென்று ஐயமற விளங்குமாறு நிற்றல் வேண்டும். அங்ஙனம் நில்லாதபோது யாது நேரும் என்பதை அனுபவத்தால் அறிய நேர்ந்தமையே இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையாரின் சீதனக் காணி என் தமக்கையாருக்கும் எனக்கும் பிரிக்கப்பட்டது. காணி அளக்கப்பட்டு, கணினியில் வரையப்பட்ட படமும் கைக்கு வந்தது. அதில், தெருவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பொதுவழி சற்றே அகன்று கிணற்றடியைச் சேருமிடத்தில், குறுக்காக ஒரு சிறு கோடு காணப்பட்டது. வேலியடைக்க வந்தவர் அதனை வழியின் முடிவெனக் கொண்டு அவ்விடத்திற் கதியால்களை நட்டுவிட்டார். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் உறுதியில் தெளிவாக எழுதப்பட்டிருக்க, வழியை மறிக்கச் சொன்னவர் யார் என்ற வினா எழுந்தது. தமக்கையார் என்னை ஐயுற்றார். யான் அவரை ஐயுற்றேன். ஒரு மாத காலம் இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஈற்றிற் படவரைஞரே வந்து, தம் கணினியில் அப்படத்தைத் திறந்து காட்டினார். முதலில் அவ்விடத்திற் 'பொதுவழி' என்ற பெயர் எழுதப்பட்டு, அதன்கீழ் ஒரு கோடும் இடப்பட்டிருந்தது. பின்னர் ஒரு திருத்தத்தின்போது அப்பெயரை அவர் தெருப்பக்கமாக நகர்த்தினார். பெயர் நகர்ந்தது, கோடு நகரவில்லை. எல்லையென எண்ணப்பட்டது உண்மையில் உரியவரை இழந்து நின்ற ஓர் அடிக்கோடேயாகும். கதியால்கள் அன்றே பிடுங்கப்பட்டன. மனக்கசப்பு நீங்குவதற்குத்தான் மேலும் சில நாள்கள் சென்றன.

இப்பிழை கையால் வரைந்த காலத்தில் எளிதில் நேர்வதன்று. கடதாசியில் ஒரு பெயரை அழிப்பவர், அதன் கீழுள்ள கோட்டையும் ஒருங்கே கண்டு அழித்துவிடுவார். அவருடைய கண்ணுக்குப் பெயரும் கோடும் ஒன்றே. கணினியின் இயல்பு அத்தகையதன்று. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் 'ஸ்கெட்ச்பாட்' என்னும் செய்நிரலை ஆக்கிக் கணினித் திரையிற் படம் வரையும் வழியைக் காட்டினார். 1982ஆம் ஆண்டில் 'ஓட்டோகாட்' வெளிவந்த பின்னர், சிறிய கணினிகளிலும் இக்கலை பரவலாயிற்று. இத்தகைய செய்நிரல்கள் கோட்டை அதன் இரு முனைகளின் இருப்பிடங்களாக நினைவிற் கொள்கின்றன. எழுத்தையோ, தொடங்குமிடம், உயரம், சாய்வு, எழுத்துரு என்பவற்றோடு கூடிய வேறொரு பொருளாகக் கொள்கின்றன. ஒன்றன்கீழ் ஒன்று கிடப்பதனாலேயே அவை உறவுடையன எனக் கணினி தானாக உணராது. அவ்வுறவை வரைபவரே அதற்கு அறிவித்தல் வேண்டும்.

அறிவிக்கும் முறைகள் எவை? ஓட்டோகாட்டில் எழுத்து இருவகைப்படும். ஒரு வரியளவில் அமையும் ஒற்றைவரி எழுத்து ஒன்று. பல வரிகளாய் ஒரு பத்திபோல் அமையும் பலவரி எழுத்து மற்றொன்று. ஒற்றைவரி எழுத்தில், அடிக்கோடு தொடங்கவேண்டிய இடத்தில் இரண்டு நூற்றுவீதக் குறிகளையும் அவற்றை அடுத்து 'யூ' என்னும் ஆங்கில எழுத்தையும் இடையீடின்றித் தட்டவேண்டும். அக்குறியீடு படத்தில் தோன்றாது. அதன்பின் வரும் எழுத்துகளின் கீழே கோடு தோன்றும். அதே குறியீட்டை மீண்டும் தட்டினாற் கோடு அவ்விடத்தில் நின்றுவிடும். மீண்டும் தட்ட மறந்தால் வரியின் முடிவு வரை கோடு ஓடி, அங்கே தானாக நிற்கும். ஆகவே, ஒரு வரியில் ஒரு சொல்லை மாத்திரம் அடிக்கோடிட விரும்புவோர் அச்சொல்லின் முன்னும் பின்னும் குறியீட்டை இடுதல் அவசியம். 'யூ'வுக்குப் பதிலாக 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டினால் எழுத்துக்கு மேலே கோடு அமையும்.

பலவரி எழுத்தில் இது இன்னும் எளிது. வேண்டிய சொல்லைத் தெரிந்துகொண்டு, எழுத்துப் பலகையிலுள்ள அடிக்கோட்டுப் பொத்தானை அழுத்தினாற் போதும். உள்ளே கணினி அதனைப் பின்சாய்கோட்டோடு சேர்ந்த பெரிய 'எல்' எழுத்தால் தொடக்கமாகவும், பின்சாய்கோட்டோடு சேர்ந்த சிறிய 'எல்' எழுத்தால் முடிவாகவும் குறித்துவைக்கின்றது. இவ்விரு முறைகளிலும் அடிக்கோடு எழுத்தின் ஒரு பண்பாகிவிடுகின்றது. பெயரை நகர்த்தினாற் கோடும் நகரும், சரித்தாற் சரியும், அழித்தால் அழியும். சொல்லை மாற்றினால் அதன் நீளத்துக்கேற்பக் கோடும் நீளும், அன்றிக் குறுகும்.

தனிக்கோட்டினால் வரும் இடர்கள் இன்னும் இரண்டு உள. முதலாவது அளவுத்திட்டம் பற்றியது. கணினியிற் கட்டடம் அதன் மெய்யளவிலேயே வரையப்படுவது வழக்கம். அதனை 1:100 என்னும் அளவுத்திட்டத்தில் அச்சிடும்போது எழுத்து 2.5 மில்லிமீற்றர் உயரமாகத் தோன்றவேண்டுமாயின், வரையும்போது அதனை 250 மில்லிமீற்றர் உயரமாக அமைத்தல் வேண்டும். அளவுத்திட்டம் 1:50 ஆக மாறினால் எழுத்தின் உயரம் 125 மில்லிமீற்றர் ஆகவேண்டும். எழுத்தைச் சுருக்குபவர் தனிக்கோட்டைச் சுருக்க மறந்தால், பெயரைப் போல் இருமடங்கு நீண்ட கோடு படத்திற் கிடக்கும். இரண்டாவது எழுத்துரு பற்றியது. ஓட்டோகாட்டிற்கே உரிய பழைய கோட்டெழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆதலால் தமிழுக்கு வேறு எழுத்துருவைத் தெரிதல் வேண்டும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் படத்தைத் திறந்தால் மற்றொன்று அதனிடத்திற் புகுந்துகொள்ள, சொல்லின் நீளம் மாறிவிடும். தனிக்கோடு மட்டும் பழைய நீளத்திலேயே நிற்கும்.

நிற்க. இதுவரை கூறியவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே சிறப்பாக உரிய இடர் ஒன்றும் உண்டு. நம் எழுத்துகள் பலவற்றின் பொருள் அவற்றின் அடிப்பாகத்திலேயே தங்கியுள்ளது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள வேற்றுமை கீழே சாயும் ஒரு சிறு கீற்றேயாகும். பகரத்தைப் 'பு' ஆக்குவதும், வகரத்தை 'வு' ஆக்குவதும் கீழ்நோக்கி இறங்கும் ஒரு காலே. மகரத்தின் வடிவோடு ஒரு வாலைச் சேர்த்தாற்போல நிற்பது ழகரம். ரகரமும் அதன் அடியிலுள்ள சாய்வினாலேயே துணைக்காலினின்றும் வேறாகின்றது. செய்நிரல் தானாக இடும் அடிக்கோடு எழுத்தை மிக நெருங்கி ஓடுவதால், இக்கால்களையும் வால்களையும் பெரும்பாலும் வெட்டிச் செல்லும். சிறிய எழுத்தில், நிழற்பிரதியின் நிழற்பிரதியில், வாலும் கோடும் ஒன்றாய்க் கலந்துவிடும். அப்போது 'புலம்' என்பது 'பலம்' ஆகலாம். 'குழி' என்பது 'குமி' ஆகலாம். 'ஏழு' என்பது 'எழு' எனத் தோன்றலாம்.

ஏட்டுச்சுவடிகளிற் புள்ளி இடாது எழுதினர் முன்னோர். துணைக்காலும் ரகரமும் அங்கே ஒத்த வடிவினவாய் இருந்தன. எனினும், கற்றோர் அவற்றைப் பிழையின்றிப் படித்தனர். பாட்டின் யாப்பும் தொடரின் பொருளும் அவர்க்குத் துணைநின்றமையே அதற்குக் காரணம். காணிப்படத்திலுள்ள ஒரு பெயருக்கோ அத்தகைய துணை யாதுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயருண்டு. புலம், வளவு, கலட்டி, வயல், தோட்டம் என முடியும் அப்பெயர்கள் உறுதியில் உள்ளவாறே படத்திலும் இருத்தல் வேண்டும். அன்றியும், ஒரு சொல்லே அளவை மாற்றிவிடும் நாடு எம்முடையது. வரகுப் பரப்பாயின் 16 கொண்டது ஓர் ஏக்கர். நெற்பரப்பாயின் 24 கொண்டது ஓர் ஏக்கர். இத்தகைய படத்தில் எழுத்தை மறைக்கும் அடிக்கோடு அழகு செய்வதாகாது.

தமிழிற் சாய்வெழுத்து மரபு வேரூன்றாமையால், ஒரு சொல்லைச் சிறப்பிக்க அடிக்கோட்டையே நாடும் பழக்கம் நம்மிடத்து உண்டு. 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஆக்கித் தந்தார். தட்டச்சில் எழுத்தைத் தடிப்பாக்குதல் எளிதன்று, பெரிதாக்குதல் இயலாது. ஆகவே, பின்னே சென்று கோடிடுவதே எளிய வழியாயிருந்தது. கணினியில் எழுத்தைப் பெரிதாக்கலாம், தடிப்பாக்கலாம், ஒரு சட்டத்துள் அடக்கலாம். இவ்வளவு வசதிகள் இருக்கவும் அடிக்கோட்டையே பற்றி நிற்றல் பழக்கத்தின் வலிமையன்றி வேறன்று.

இனி, அடிக்கோடு ஒருபோதும் இடத்தகாத இடம் ஒன்றுண்டு. அஃது அளவெண்ணின் கீழாகும். பொறியியற் படங்களில் ஓர் அளவெண் அடிக்கோடிடப்பட்டிருப்பின், அவ்வளவு அளவுத்திட்டத்துக்கு அமைய வரையப்படவில்லை என்பது பொருள். தொழினுட்பப் படங்களில் அளவு குறித்தல் பற்றிய சர்வதேச நியமம் 129 இவ்வழக்கைக் கூறுகின்றது. அமெரிக்க நியமத்திலும் இவ்வழக்கே உண்டு. ஆகவே, அறையின் அகலம் முக்கியமானது எனக் காட்ட விரும்பி 3000 என்னும் எண்ணின்கீழ் ஒருவர் கோடிட்டால், பயிற்சி பெற்ற பொறியியலாளர் அப்படம் அவ்விடத்தில் மெய்யளவைக் காட்டவில்லை எனக் கொள்வார். வலியுறுத்த இட்ட கோடு ஐயுறவுக்கு ஏதுவாகிவிடும்.

அப்படியாயின் அடிக்கோடு வேண்டவே வேண்டாமோ எனின், வேண்டும். 'தரைத்தளப் படம்', 'முன்தோற்றம்', 'வெட்டுமுகம்' என்றாற்போல ஒவ்வொரு படத்தின்கீழும் வரும் தலைப்புகளை அடிக்கோடிடுதல் நெடுங்கால வழக்கு. ஒரே தாளிற் பல படங்கள் நெருங்கி நிற்கும்போது, எது தலைப்பு, எது உட்குறிப்பு என அது பகுத்துக்காட்டும். தமிழ்த் தலைப்பில் எழுத்தின் வால்கள் வெட்டுறாமல் இருக்கவேண்டுமாயின், கோட்டை அவற்றிற்குக் கீழே சற்று இடைவெளி விட்டு வரைந்து, பெயரையும் கோட்டையும் 'புளொக்' எனப்படும் ஒரே தொகுதியாக்கிவிடலாம். அப்போது ஒன்றை நகர்த்தினால் மற்றதும் உடன்செல்லும். தொகுதியினுள் பெயரை மாற்றத்தக்க குறிப்பாக அமைத்தால், அதே தொகுதியை எல்லாத் தலைப்புகளுக்கும் பயன்படுத்தலாம். தொகுதியிலுள்ள கோட்டின் நீளம் பெயரைப் பின்பற்றித் தானாக மாறாது என்பதை மட்டும் மறவாது, மிக நீண்ட தலைப்புக்கும் போதிய நீளத்தில் அதனை முதலிலேயே வரைந்துகொள்க.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நெடுங்காலமாக மையாலும் கையாலும் பேணப்பட்ட ஒழுங்குகள் இன்று கணினி வழியாக இளைஞர் கைக்கு வந்துள்ளன. க.பொ.த. உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டு முதல் தொழினுட்பத்துறை ஒரு தனிப்பிரிவாகக் கற்பிக்கப்படுகின்றது. இம்மாணவருக்குப் பொத்தான்களின் பெயர்களைக் கற்பிப்பதோடு நம் பணி முடிந்துவிடாது. ஒரு கோட்டை இடும்போது, 'இதனை எழுத்தின் பண்பாக இடுகின்றேனா, தனிப்பொருளாக இடுகின்றேனா? இது யாதொரு எழுத்தையும் மறைக்கின்றதா? இதனைப் பார்ப்பவர் வேறு பொருள் கொள்வரோ?' என்னும் மூன்று வினாக்களையும் தம்மைத் தாமே வினவிக்கொள்ள அவர்களைப் பழக்குதல் வேண்டும்.

படம் வரைபவர் அதனை அச்சிட்டுக் கொடுத்தபின் அதனருகே நிற்பதில்லை. அது வேலியடைப்பவரிடமும், மேசனிடமும், நொத்தாரிசிடமும், நீதிமன்றத்திடமும் தனியே செல்கின்றது. பல ஆண்டுகள் கழித்து, வரைந்தவரை அறியாத பிள்ளைகளும் அதனை விரித்துப் பார்ப்பர். எமது காணிப்படத்தின் திருத்திய பிரதி இப்போது தமக்கையாரின் பெட்டகத்தில் உள்ளது. 'பொதுவழி' என்னும் பெயர் அதில் அடிக்கோடு எதுவுமின்றி, சற்றுப் பெரிய எழுத்தில், வழியின் ஓரமாக எழுதப்பட்டிருக்கின்றது. கிணற்றடிக்கு இரு வீட்டாரும் அவ்வழியாலேயே சென்று வருகின்றோம்.