கொரில்லாவைக் காணாத கண்

நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களுக்குள் ஒரு குட்டி கொரில்லாவின் உருவத்தைச் செருகி வைத்தார்கள். பார்த்தவர்கள் 24 கதிரியல் மருத்துவர்கள், தேடியது கட்டிகளை. வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரிய அந்தக் கொரில்லாவை 20 பேர் கவனிக்கவே இல்லை! 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இது. இதில் வேடிக்கை, அந்த 20 பேரில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை நேராகக் கொரில்லா மேலேயே விழுந்திருந்தது. கண்ணசைவைப் பதிவுசெய்த கருவி அதைக் காட்டிக்கொடுத்தது.

இதற்குக் 'கவனக் குருடு' என்று பெயர். நம் கண் கூர்மையாகப் பார்ப்பது, நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடத்தை மட்டுமே. அந்தச் சிறு வட்டத்தை நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாற்றி மாற்றி, கிடைத்த துணுக்குகளைக் கொண்டு மூளை ஒரு முழுக் காட்சியைக் கட்டுகிறது. தேவையில்லை என்று அது முடிவு செய்ததெல்லாம் கழிந்துவிடும். தெருவைக் கடப்பதற்கு அருமையான ஏற்பாடு. செயற்கைக்கோள் படத்தை அலசுவதற்கோ, இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படப்புள்ளி தரையில் 30 சென்டிமீட்டரைக் குறிக்கிறது என்றால், ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கோடியே பதினோரு லட்சம் புள்ளிகள். பத்துக்குப் பத்து கிலோமீட்டர் பரப்பை முழு நுணுக்கத்தோடு பார்க்க, கைபேசித் திரையை நூற்றுக்கணக்கான முறை நிரப்ப வேண்டும். அதற்குள் எங்கோ நேற்று இல்லாத ஒரு வண்டித்தடம் இருக்கலாம்; இல்லாமலும் போகலாம்.

அந்த 'இல்லாமலும் போகலாம்'தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஜெரமி உல்ஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-இல் இதை அளந்தார். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது மக்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது அது 30 சதவீதமாக ஏறிவிட்டது. அரிதாக வருவதை 'இங்கே இருக்காது' என்று மூளை முன்கூட்டியே தீர்மானித்து, தேடலைச் சீக்கிரம் மூட்டை கட்டிவிடுகிறது.

இந்த வேலைக்கு வேறு வகையான கண்களைத் தேடிய முயற்சி ஒன்று உண்டு. இஸ்ரேலில் 18 வயதில் ராணுவ சேவை பெரும்பாலோருக்குக் கட்டாயம். மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு; விரும்பினால் தன்னார்வலராகச் சேரலாம். 2013-இல் அங்கே 'ரோயிம் ரஹோக்' என்ற திட்டம் தொடங்கியது. வானிலிருந்து எடுத்த படங்களைப் படிக்கும் உளவுப் பிரிவான 9900-க்கு, ஆட்டிசம் உள்ள இளைஞர்களைப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். (அந்தப் படங்கள் பிறகு எதற்குப் பயன்படுகின்றன என்ற கனமான கேள்வி தனியே இருக்கிறது.)

ஏன் இவர்கள்? லண்டனில் அமிதா ஷா, உட்டா ஃப்ரித் இருவரும் 1983-இல், சிக்கலான சித்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிறந்து விளங்கியதைக் கண்டார்கள். முழுப் படத்தின் பிடியில் சிக்காமல் அவர்கள் பகுதிகளைப் பார்த்தார்கள் என்பது ஒரு விளக்கம். பின்வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை. சினிமா காட்டுவதுபோல ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்; இந்தக் கூர்மை சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை.

எனக்கு அந்தக் கூர்மையைவிட, அதைச் சுற்றிக் கட்டிய ஏற்பாடுதான் வியப்பாக இருக்கிறது. முதலில் சீருடை இல்லை. ஓனோ கல்லூரியில் சில மாதப் பயிற்சி. படம் படிப்பதோடு, சக ஊழியரிடம் பேசுவது, திடீர் மாற்றத்தைச் சமாளிப்பது ஆகியவையும் பாடம். அடுத்து, படைமுகாமில் பொதுமக்களில் ஒருவராகவே வெள்ளோட்டம். இரு தரப்புக்கும் ஒத்துவந்தால்தான் படையில் சேர்ப்பு. சிகிச்சையாளர்கள் கூடவே இருக்கிறார்கள், அதிகாரிகளுக்கும் வழி சொல்கிறார்கள். பூடகமாகச் சொன்ன உத்தரவு இங்கே செல்லாது. என்ன, எப்போது, எந்த வரிசையில் என்று உடைத்துச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கப் படைகளின் மருத்துவ விதிகளிலோ ஆட்டிசம் தகுதியிழப்புப் பட்டியலில் இருக்கிறது. சேர விரும்புபவர் தனி விதிவிலக்குப் பெற வேண்டும். ரோயிம் ரஹோக் இளைஞர்கள் இதற்குள் படங்களைத் தாண்டி, மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கும் வேலைக்கும் போய்விட்டார்கள்.