சுவரினுள் மின்வடம் செல்லும் நெறி

சமையலறையின் பழைய மின்வடங்களை நீக்கிப் புதியன பதிக்குங்கால், சாந்து பூசியதும் அவை கண்ணுக்கு மறைகின்றன. மறைந்தது மறக்கப்படுதல் இயல்பு. பல்லாண்டுகளின் பின் தட்டொன்று பொருத்தத் துளையிடுபவரின் உயிர்க்கு 230 உவோற்று மின்னால் இடர் நேரலாம். ஆதலின், வடத்தைக் காணாதவரும் உய்த்துணரத்தக்க வழியிலேயே அது செல்லல் வேண்டும்.

இலங்கையிலும் தழுவப்படும் பிரித்தானிய மின்னமைப்பு விதிகள் (பீ.எஸ். 7671) இவ்வழியை வரையறுக்கின்றன. 50 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழத்திற் பதியும் வடம், ஆளி அல்லது குதையிலிருந்து நிலைக்குத்தாகவோ கிடையாகவோ செல்லலாம். அன்றேல், சுவரின் உச்சியையோ இரு சுவர்கள் கூடும் மூலையையோ அடுத்த 150 மில்லிமீற்றருள் அடங்கலாம். சாய்வாகச் செல்லுதல் ஆகாது. சுவரின் வலிமை கருதி, நிலைக்குத்துப் பள்ளம் அதன் தடிப்பில் மூன்றிலொன்றையும், கிடைப் பள்ளம் ஆறிலொன்றையும் விஞ்சலாகாது என்பது அந்நாட்டுக் கட்டட நெறி.

சமையலறைக்குரிய இடர் வேறொன்று. மின்னடுப்பின் குதை அடுப்பின் பின்னே மறைந்திருப்பின், அதற்கு நேர்மேலே வடம் உண்டென யார் அறிவார்? ஆதலின், அதே நேர்கோட்டில், மேசைத்தளத்துக்கு மேலே, கண்ணிற்படும் ஆளியொன்றை அமைத்தல் நன்று. 30 மில்லியம்பியர் பொசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் 'ரிப் சுவிச்சு' இடரைக் குறைக்கும்; எனினும், நேரிய வழிக்கு அஃது ஈடாகாது.

சாந்து பூசுமுன் வடவழிகளை அளந்து வரைந்த படமொன்றை வீட்டு உறுதியுடன் சேர்த்து வைத்தல், பின்வருவோர்க்குச் செய்யும் பேருதவியாகும்.