கிரீட்டைச் சூழ்ந்த குட்டித் தீவுகள்

ஐரோப்பாப் படத்தை விரித்துப் பார்க்கும் நேயர்கள், கிரேக்க தேசத்துக்குத் தெற்கே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் கிரீட் தீவைக் கண்டிருப்பார்கள். ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளமும், 8,300 சதுர கிலோமீட்டர் பரப்பும் உடையது அது. அதன் கரையோரமெங்கும் மை தெறித்தாற்போல் சில புள்ளிகள் காணப்படும். பள்ளிக்கூடத்துப் படங்களில் அவற்றுக்குப் பெயர் போடுவதும் அருமை. ஆயினும் கிரீட்டின் சோதனைக் காலங்களில் கதை இந்தப் புள்ளிகளுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய தீவு வீழ்ந்த பின்னும் வீழாமல் நின்றவை இவற்றுள் சில. பெரிய தீவு தன் கண்ணெதிரே வைத்துக்கொள்ள விரும்பாத மனிதரைக் கொண்டுபோய் விட்டதும் இங்கேதான்.

ஹெராக்லியோன் நகரத்துக்கு வடக்கே தெரிவது தியா. மனிதக் குடியில்லாத அத்தீவில், கிரி-கிரி என்னும் கிரீட்டுக் காட்டாடுகள் வளர்க்கப்பட்டன. 1976-ல் பிரெஞ்சுக் கடலாராய்ச்சியாளர் கூஸ்தோ அதன் கடலடியைச் சோதித்து, பண்டைத் துறைமுகச் சின்னங்களைக் கண்டார். தென்கிழக்கே இருப்பது கௌபோனீஸி. அரசர்கள் உடுத்திய ஊதா ஆடைக்குச் சாயம் தரும் சங்கினம் அங்கே மிகுதி. கி.மு. 2-ம் நூற்றாண்டில் அத்தீவு யாருக்கு உரியது என்று கிரீட்டின் இரு நகரத்தார் வழக்காடினார்கள். ஆசியாக் கரையிலிருந்த மக்னீஸியா நகரத்தார் மத்தியஸ்தம் செய்த விவரம் பொறித்த கல், இன்றும் டோப்லூ மடத்துச் சுவரில் இருக்கிறது. ஒரு சிறு நிலத்துக்காக அயலூரார் முன் நியாயம் கேட்டு நிற்கும் வழக்கம் நம் நாட்டுப் பங்காளிகளுக்கு மட்டும் உரியதன்று போலும்!

இவற்றை விட்டு, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இரண்டு தீவுகளுக்குச் செல்வோம்.

13-ம் நூற்றாண்டு முதல் கிரீட்டை ஆண்டவர் வெனிஸ் நகரத்தார். 1645-ல் துருக்கர் படையெடுத்து வந்தனர். அந்நாளில் காண்டியா என்று வழங்கிய ஹெராக்லியோன், 1648 முதல் 1669 வரை 21 வருஷம் முற்றுகையைத் தாங்கி, முடிவில் பணிந்தது. கிரீட் முழுவதும் துருக்கர் வசமாயிற்று. மூன்று தீவுக் கோட்டைகள் மட்டும் வெனிஸ் கையில் நின்றன. அவை மேற்கே கிராம்வூஸா, நடுவே ஸூடா, கிழக்கே ஸ்பினலோங்கா என்பன. துருக்க ஆட்சிக்கு அடங்க மறுத்த கிரீட்டு வீரர்களுக்கு இவையே புகலிடம். கிராம்வூஸா 1692-ல் விழுந்தது, பீரங்கியால் அன்று. கோட்டைக்குள்ளிருந்த தளபதி ஒருவன் லஞ்சம் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். மற்ற இரண்டும் 1715 வரை தாக்குப் பிடித்தன.

கிராம்வூஸா கடலினின்று 137 மீட்டர் உயரம் செங்குத்தாய் எழும்பி நிற்கும் பாறை. அருகில் இதனிலும் கரடான மற்றொரு பாறை உண்டு. கிரேக்கர் ஒன்றைச் 'சாது கிராம்வூஸா' என்றும் மற்றதைக் 'காட்டு கிராம்வூஸா' என்றும் அழைப்பர். 1821-ல் தொடங்கிய கிரேக்க சுதந்திரப் போரில், கிரீட்டின் கிளர்ச்சி 1824-க்குள் நசுக்கப்பட்டது. ஆனால் 1825-ல் கிரீட்டு வீரர் சிலர், துருக்கர் உடையில் வந்து கோட்டையைக் கைப்பற்றினர் என்பர். குடும்பங்கள் ஆயிரக் கணக்கில் அந்தப் பாறையில் வந்து அடைந்தன. விளைநிலமில்லை, உண்ண ஏது? அவ்வழியே சென்ற கப்பல்களைக் கொள்ளையிட்டார்கள். வணிகர் அவர்களைக் கடற்கொள்ளைக்காரர் என்றனர். கிரீட்டார் தேசபக்தர் என்றனர். இரண்டும் மெய்யே என்று நமக்குத் தோன்றுகிறது. கொள்ளைப் பணத்தில் மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் நடந்தன. கோயிலின் பெயரே கொள்ளைக்காரர் மாதா!

புதிய கிரேக்க அரசின் தலைவராக வந்த கபோதிஸ்த்ரியாஸுக்கு வல்லரசுகளின் தயவு வேண்டியிருந்தது. 1828-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து கூட்டத்தைக் கலைத்தன. அந்த முயற்சியில் 'கேம்ப்ரியன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அங்கேயே உடைந்து போயிற்று. கிரீஸ் விடுதலை பெற்றது, கிரீட் பெறவில்லை. அது தாய்நாட்டுடன் சேர 1913 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஸ்பினலோங்காவின் பரப்பு 21 ஏக்கர் அளவே. எதிர்க்கரையில் பிளாகா என்ற கிராமம். 1898-ல் கிரீட் தன்னாட்சி பெற்ற பின்பும் அத்தீவில் சில முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்தன. 1903-ல் கிரீட்டு அரசாங்கம் அதனைக் குஷ்டரோகிகளின் இருப்பிடமாக்கத் தீர்மானித்தது. அதுவரை அந்நோயாளிகள் ஊர்களுக்கு வெளியே குடிசைகளில் பிச்சையெடுத்து வாழ்ந்தனர். அச்சேரிகளின் பெயர் 'மெஸ்கீனியா', நம்மவர் அறிந்த 'மிஸ்கீன்' என்ற அரபுச் சொல்லினின்று வந்தது. மறுவருஷம் முதற் கூட்டம் படகேறியது. வெனிஸ் மதிலுக்குள் நுழையும் இருண்ட சுரங்க வழிக்கு அவர்கள் 'தாந்தேயின் வாசல்' என்று பெயரிட்டனர். ஊற்றுநீர் இல்லை, மழைநீர்த் தொட்டிகளே கதி. பெரும்பாலோர்க்கு அது திரும்பி வரும் வழியன்று.

1936-ல் எபமினோண்டாஸ் ரெமூண்டாகிஸ் என்ற சட்ட மாணவர் நோயுற்று அங்கு வந்து சேர்ந்தார். அவர் நோயாளிகளைத் திரட்டி ஒரு சகோதர சங்கம் கண்டார். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்; மரம் நட்டார்கள்; நாடகம் நடத்தினார்கள்; அரசாங்கத்திடம் இரக்கத்தை அல்ல, உரிமையைக் கேட்டார்கள். நோயாளிகள் மணம் புரியலாகாது என்று சட்டம் இருந்தது. ஆயினும் அங்கே கலியாணங்கள் நடந்தன, குழந்தைகளும் பிறந்தன. வியாதியைக் காட்டிலும் ஒதுக்கப்படுதலே கொடிது என்பதை அந்தச் சிறு சமூகம் தன் நடத்தையால் காட்டிற்று.

விடுதலை மருந்தின் வடிவில் வந்தது. ஸல்போன் மருந்துகள் இந்நோயில் பலிப்பதை 1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கண்டார்கள். அவற்றுள் மலிவான டாப்ஸோனை நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அவர் அதை 1940-களில் செய்த இடம் நமது செங்கற்பட்டு. ஸல்போன் ஸ்பினலோங்காவையும் எட்டியது. 1957-ல் எஞ்சிய நோயாளிகள் அத்தீவை விட்டு ஆதென்ஸ் மருத்துவமனைக்குச் சென்றனர்.

ஒருவர் மட்டும் போகவில்லை. கிரேக்கத் திருச்சபை வழக்கப்படி, இறந்தவருக்கு 40-ம் நாளும், ஆறாம் மாதமும், பிறகு 1, 3, 5 வருஷங்களிலும் நினைவு வழிபாடு நடத்த வேண்டும். அங்கிருந்த பாதிரியார் அக்கடன்களைத் தீர்ப்பதற்காகத் தீவிலேயே தங்கினார். 1962-ல் அவரும் படகேறினார்.