பிள்ளையைத் தொழில் பழக அனுப்புமுன்

பட்டப்படிப்பு முடித்த பிள்ளையை வெளியூர் மண்டியில் ஆறு மாதம் தொழில் பழக விடுவது நல்ல ஏற்பாடு. இப்போது இதை 'இன்டர்ன்ஷிப்' என்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். யார் சொல்லிக்கொடுப்பார் என்று கேட்பதில்லை.

பர்மாவில் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில், பெட்டியடிப் பையன் எடுபிடி வேலையோடு கணக்கும் பழகி, அடுத்தாளாகி, பின் ஏஜெண்டாக உயர வழி இருந்தது. அந்தப் படி இங்கே உண்டா? குத்தூசி போட்டு மாதிரி எடுக்க, துவரையில் ஈரம் பார்க்க, ஜி.எஸ்.டி. பில் போட, பாக்கி கேட்கப் பக்கத்தில் நின்று பழக்குபவர் உண்டா? பேரேட்டைக் காட்டத் தயங்குவார்கள், அது நியாயமே.

முன்பு அங்கே பழகிய பையனை விசாரியுங்கள். ஒரு மாதம் கழித்தும் பிள்ளை மூட்டை எண்ணிய கதையே சொன்னால் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளட்டும்.