விதையைக் கடன் கொடுத்த கட்டிமேட்டு ஜெயராமன்

தமிழ்நாட்டு விவசாயிகளிடையே "நெல் ஜெயராமன்" என்று வழங்கப்பெற்ற ஸ்ரீ ஜெயராமன் 2018-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 6-ந் தேதி சென்னையில் புற்றுநோயால் காலமானார். திருவாரூர் ஜில்லா, திருத்துறைப்பூண்டி தாலுகாவிலுள்ள கட்டிமேடு அவருடைய கிராமம். ஏறக்குறைய ஐம்பது வயதிலேயே மறைந்த அவர், மனைவியையும் பள்ளிப் பருவத்து மகனையும் விட்டுச் சென்றார். அவற்றோடு 174 வகைப் பழைய நெல் விதைகளையும் பல ஊர்களின் வயல்களில் விட்டுச் சென்றார்.

காவிரிக் கடைமடையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கள்ளக்குறிச்சி ஜில்லாவார் அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். கோமுகி, மணிமுக்தா அணைகளின் கீழும் கிணற்றுப் பாசனத்திலும் நெல் விளைவிப்போருக்கும், கல்வராயன் மலையில் சாமை, கேழ்வரகு விதைக்கும் மலையாளிக் குடிகளுக்கும் அவர் கையாண்ட ஒரு முறை அப்படியே உதவக்கூடியது. அதைச் சொல்லுமுன் அவர் வேலை எங்ஙனம் தொடங்கிற்று என்று கூறுதல் அவசியம்.

1965-இல் ஆடுதுறை 27, அதையடுத்து 1966-இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் ஆகியவை பரவியபின், மகசூல் உயர்ந்தது. அக்காலத்து உணவுப் பஞ்சத்தில் அவை வேண்டியிருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் புது விதை வந்த வீட்டில் பழைய விதையைத் தனியே கட்டி வைக்க எவரும் முற்படவில்லை. குதிரில் இருந்தது உலைக்குப் போயிற்று. இரண்டு மூன்று வருஷம் விதைக்காத நெல் பிறகு முளைப்பதில்லை. ஆகவே ஒரு ஜாதி அழிவதற்குப் புயலோ பூச்சியோ தேவையில்லை, வீட்டாரின் அசட்டையே போதும்.

ஜெயராமன் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். நுகர்வோர் இயக்கத்தில் ஊழியம் செய்துவந்தவர். இயற்கை வேளாண்மை அறிஞர் கோ. நம்மாழ்வாரின் தொடர்பால் விதை தேடும் வேலையில் இறங்கினார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குடவாழை, தூயமல்லி எனக் கிழவர்களின் வாயில் மட்டும் வழங்கிய பெயர்களுக்குரிய நெல்லை ஊர் ஊராகச் சென்று தேடினார். ஆளுயரத்திற்கு மேல் வளரும் காட்டுயானம், வெள்ளம் தேங்கும் கடைமடை நிலத்துக்கென்றே அமைந்தாற் போன்றது. குடவாழை, கடற்கரையோர உவர் நிலத்தைத் தாங்குவது. இவை வேடிக்கைப் பொருள்களல்ல, தத்தம் மண்ணுக்குத் தக்க பயிர்கள்.

சேகரிப்பதினும் கடினமானது, கலப்பின்றிக் காப்பது. நெல் தன் பூவிலேயே மகரந்தச் சேர்க்கை பெறுவதாகையால் அயல் வயலால் வரும் கெடுதி சொற்பம். கெடுதி பெரும்பாலும் களத்திலும் சாக்கிலும் நாற்றங்காலிலுமே நேர்கிறது. முந்திய போகத்தில் உதிர்ந்த மணி, உதறாத கோணி, பெருக்காத களம் ஆகிய மூன்றும் விதையைக் கெடுக்கும் திருடர்கள். ஒவ்வொரு ஜாதியையும் தனிப் பாத்தியில் ஒற்றை நாற்றாக நட்டு, பூக்கும் தருணத்திலும் கதிர் முற்றும் தருணத்திலும் வேற்றுச் செடிகளைப் பிடுங்கி, தனித்தனியே அறுத்து அடித்து உலர்த்துதல் வேண்டும். இதை நூற்றுக்கு மேற்பட்ட ஜாதிகளுக்கு வருஷந்தோறும் செய்வது எத்தகைய உழைப்பென்பதை ஒரே ஒரு ஜாதிக்கு விதை கட்டிப் பார்த்தவரே அறிவர்.

இனி அவர் முறை. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வந்த விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுக்கப்படும். அவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்புதல் வேண்டும். வட்டிக்கடையை ஒத்த ஏற்பாடு போலத் தோன்றினும், இந்த வட்டி எவருக்கும் சுமையன்று. ஒற்றை நாற்று நடவில் 2 கிலோ, ஓர் ஏக்கருக்கு ஏறக்குறையப் போதும். திரும்பிய 4 கிலோ இருவருக்குப் போகும், அவ்விருவரிடமிருந்து நால்வருக்கு. இலவசமாகக் கொடுத்திருந்தால் பாதி விதை பரணிலேயே கிடந்து செத்திருக்கும். திருப்ப வேண்டுமென்ற கடப்பாடே விதைக்கச் செய்தது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அப்பிரதேசத்தைச் சூறையாடியபோது ஜெயராமன் தம் நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். விதை அனைத்தும் ஒரே களஞ்சியத்தில் இருந்திருப்பின் ஒரு புயலே போதுமாயிருக்கும். பல ஜில்லாக்களின் வீடுகளில் அது பரவியிருந்தது. அவர் சிகிச்சைச் செலவிலும் மகனின் படிப்புச் செலவிலும் நடிகர் ஸ்ரீ சிவகார்த்திகேயன் உதவினார். திருவிழாவை உறவினரும் தோழரும் தொடர்ந்து நடத்தினர். 2021-இல் தமிழ்நாடு அரசாங்கம் தன் முதல் தனி வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில், பாரம்பரிய நெல் பாதுகாப்புத் திட்டத்திற்கு அவர் பெயரையே சூட்டிற்று.

பழைய நெல் எல்லாம் புது நெல்லினும் மேல் என்பது சரியன்று. விளைச்சல் பெரும்பாலும் குறைவு. தழைச்சத்தை அதிகம் இட்டால் உயர்ந்த பயிர் சாய்ந்துவிடும். நீண்ட சம்பா ஜாதிகளில் பல, பகற்பொழுது குறுகும் பருவத்திலன்றிக் கதிர் வாங்கா. விலைக்குக் கேட்போர் உண்டா என்று விசாரித்த பின்னரே பெருமளவில் இறங்குதல் உசிதம். எனினும், ஐ.ஆர். 20-இன் தாய் தந்தையருள் ஒன்றாகிய திரூர்க்குப்பம் 6, கோயம்புத்தூரில் 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24-இன் வழி வந்தது என்பதை மறத்தல் கூடாது. அந்த ஜி.இ.பி. 24-ஓ குடியானவர் வயலில் வழங்கிய பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

கல்வராயன் மலையில் மரவள்ளி பரவப் பரவச் சாமை விதைக்கும் நிலம் சுருங்குகிறது. எந்தெந்த வீட்டில் பழைய சாமை விதை இன்னும் கட்டி வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கிராம அதிகாரிகள் ஆடிப் பட்டத்துக்கு முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். சாமைக்கு ஏக்கருக்கு நான்கைந்து கிலோ விதை வேண்டுமாகையால், கடனாக 5 கிலோ கொடுத்து 10 கிலோ திரும்பப் பெறும்படி ஏற்பாடு செய்துகொள்வது பொருந்தும்.