தடித்த அலங்கார எழுத்துருக்கள்: இயல்புகளும் பயன்களும்

ஆவணம் ஒன்றைத் தயாரிக்கும்போது எழுத்துருவைத் தெரிவு செய்வது அழகுக்காக மட்டுமன்று. வாசிப்பவர் எதை முதலில் காண வேண்டும், எதை நின்று வாசிக்க வேண்டும் என்பதும் அதிலேயே தங்கியுள்ளது. இதனைக் 'கூப்பர் பிளாக்' என்னும் ஆங்கில எழுத்துருவை உதாரணமாகக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

தோற்றம்

ஆங்கில எழுத்துக் கோடுகளின் முனையில் உள்ள சிறு பாதம் போன்ற பகுதி 'செரிப்' எனப்படும். ரைம்ஸ் நியூ ரோமன் செரிப் உடையது. ஏரியல் செரிப் அற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் சுவரொட்டி விளம்பரங்கள் பெருகின. தெருவில் செல்வோருக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காகச் செரிப் எழுத்துக்கள் மிகவும் தடிப்பாக்கப்பட்டன. விளம்பரத்துக்குப் பயன்பட்ட இத்தகைய தடித்த எழுத்துக்களுள் ஒன்றே கூப்பர் பிளாக். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்த இவ்வெழுத்துரு 1922இல் வெளிவந்தது.

இயல்புகள்

1. கோடுகள் மிகத் தடித்தவை.
2. செரிப்கள் கூர்மையாக இல்லாமல் உருண்டிருக்கும். இதனால் எழுத்து கனமாக இருந்தும் கடுமையாகத் தோன்றாது.
3. எழுத்துக்களின் உள்ளே உள்ள வெற்றிடம் சிறியது. எனவே எழுத்தின் அளவைக் குறைத்தால் அவ்வெற்றிடம் அடைபட்டதுபோலத் தோன்றும்.

பயன்கள்

தலைப்பு, வர்த்தகப் பெயர், சுவரொட்டி, இசைத்தட்டு உறை போன்றவற்றுக்கு இது பொருத்தமானது. பீச் போய்ஸ் இசைக்குழுவின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையிலும், ஈசிஜெட் விமான நிறுவனத்தின் பெயரிலும் இதனைக் காணலாம். இவை அனைத்திலும் சொற்கள் சிலவே என்பதைக் கவனிக்க.

பொருந்தாத இடங்கள்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் வைப்பதற்குப் புயல் எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைத் தயாரிப்பதாகக் கொள்வோம். 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்னும் தலைப்பு பெரிதாகவும் தடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் காற்றின் வேகம், திகதி, நேரம் ஆகியவற்றையும் அலங்கார எழுத்தில் இட்டால் எல்லாமே ஒரே அளவில் கண்ணை இழுக்கும். தேவையான விபரம் தப்பிவிடும். நேரத்தைத் தவறாக வாசித்தால் உயிராபத்தும் நேரலாம். ஆகவே விபரங்களுக்குத் தெளிவான, சாதாரண எழுத்துருவே வேண்டும்.

தமிழில் கவனிக்க வேண்டியவை

தமிழ் எழுத்துக்களுக்குச் செரிப் இல்லை. எனினும் தடிப்பு பற்றிய விதி தமிழுக்கும் பொருந்தும். அளவுக்கு மீறித் தடித்த எழுத்தில் சுழிகள் அடைபடும். அப்போது மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் வேறுபாடு தெரியாமல் போகும். 'பணி' 'பனி' ஆகிவிடும். அத்துடன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதியைத் தெரிவு செய்து கூப்பர் பிளாக்குக்கு மாற்றினால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும்.

நினைவிற் கொள்க: தடித்த அலங்கார எழுத்து அழைப்பதற்கு; சாதாரண எழுத்து வாசிப்பதற்கு.

பயிற்சி

உமது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கான சுவரொட்டியில் தடித்த அலங்கார எழுத்துருவைப் பயன்படுத்தக்கூடிய ஓரிடத்தையும் பயன்படுத்தக்கூடாத ஓரிடத்தையும் காரணத்துடன் எழுதுக.