நேரம் தவறாத பால்

பால் குடிக்கும் பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும் தாய், நடுவில் இறங்கி வருகிறாள். இடுப்புப் படங்கை அவிழ்த்து வைத்து, கொழுந்துக் கறை ஏறிய விரல்களைத் தேய்த்துக் கழுவி, சேலைத் தொட்டிலில் சிணுங்கும் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறாள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும் என்ற கவலை அவளுக்கும் உண்டு. ஆனாலும் வருகிறாள். இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டமே இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது. ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு வேலை நேரத்தில் இரண்டு முறை பால் கொடுக்கலாம். பிள்ளை மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். சம்பள நாளில் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளையின் பசியைத் தள்ளிப்போட முடியாது. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் நம் கிறிஸ்தவ சபைகள் தளர்ந்திருப்பதற்குக் காரணம் தேடுவோர் இந்த மடுவத்து வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தோட்டத்துத் தாய்க்குப் பிள்ளை மேல் பாசம் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு ஒரு கசப்பான கணக்கைக் காட்டியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். தாய்க்கே இரத்தம் போதாது, பிறக்கும்போதே பிள்ளைக்கு எடை குறைவு, பால் மறந்த பிறகு ரொட்டியும் சாயத் தேநீரும். ஒரு வேளையில் நேரும் கேடு அல்ல இது. மாதந்தோறும் கிளினிக்கில் தராசில் வைத்துப் புள்ளி போடும் அட்டையில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். வீட்டில் எல்லாரும் கொஞ்சிக்கொண்டுதான் இருப்பார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதால் அந்தக் கோடு நிமிராது.

சபையின் கோடும் இப்படித்தான் சாய்கிறது. நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் ஆலயம் கொள்ளாத கூட்டம். ஒளிவிழாவுக்குப் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஆடிப் பழகுகிறார்கள். திருவிழாவுக்குக் கொடியேற்றம், சப்பரம், வெடி. பக்தி பொய்யென்று நான் சொல்லவில்லை. அதற்கு வேளாவேளைக்கு ஊட்டம் இல்லை என்கிறேன். ஒரு குருவானவருக்கு ஏகப்பட்ட தோட்டங்கள். சில சிற்றாலயங்களில் மாதத்துக்கு ஒருமுறைதான் பூசை. இடைப்பட்ட நாட்களில், குடித்துவிட்டுக் கிடக்கும் தகப்பனின் வீட்டுக்கு யார் போகிறார்கள்? படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்பிள்ளையின் கையைப் பிடித்து யார் பேசுகிறார்கள்? தாய் மத்திய கிழக்கில் இருக்க, அம்மாயி வளர்க்கும் பிள்ளைக்கு யார் செபம் சொல்லித் தருகிறார்கள்? புதிய செபக்கூட்டங்களுக்கு ஆட்கள் போவதைக் குறைசொல்லும் பழைய சபைகள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அங்கே யாரோ ஒருவர் வாரம் தவறாமல் லயத்து வாசலில் வந்து நிற்கிறார்.

பழைய சபைகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றன. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள், சர்ச் மிஷனரி சங்கம் பொறுப்பேற்றது. ஆனால் வேலையைத் தாங்கியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் லயத்திலும் மக்களைத் தேடிப் போய், தோட்டம் தோட்டமாக நடந்தார்கள்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். துரைமார் ஏன் பணம் கொடுத்தார்கள்? தொழிலாளியைப் பிள்ளையாகவும் துரையைத் தாய் தகப்பனாகவும் காட்டியே ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட தோட்டத்தில், சபையைக் குழந்தை வளர்ப்போடு ஒப்பிட்டால் அதே அடக்குமுறைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகாதா? இந்த அச்சம் நியாயமானது. ஆனால் நல்ல தாய் பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொள்வதில்லை. பால் மறக்கச் செய்கிறாள், கெட்டி உணவுக்குப் பழக்குகிறாள், விழுந்தாலும் நடக்க விடுகிறாள். துரைத்தனம் பிள்ளையைப் பிள்ளையாகவே வைத்திருக்கப் பார்த்தது. எபிரெயருக்கு எழுதிய நிருபமோ இன்னும் பாலையே கேட்டுக்கொண்டிருந்த விசுவாசிகளைக் கண்டிக்கிறது. இயேசு சபைக் குரு போல் கெஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் என்ற நிலையம் இந்த வித்தியாசத்தை உணர்ந்த இடம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களுக்கு அது தர்மம் கொடுத்து ஒதுங்கவில்லை. தங்கள் உரிமையைத் தாங்களே கேட்கும்படி பல பத்தாண்டுகள் கூடவே நின்றது. குருவானவர் வந்தால்தான் செபம், அவர் சொன்னால்தான் கூட்டம் என்றிருக்கும் சபை இன்னும் நடை பழகவில்லை.

இன்னொரு மறுப்பு பெண்களிடமிருந்து வரக்கூடும், அதைத் தள்ளுவது எனக்கு எளிதாக இல்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய், நாள் முழுவதும் கூடை சுமந்து, திரும்பி வந்து விறகும் தண்ணீரும் பார்ப்பவளிடம், சபையையும் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொள் என்று சொல்வது கொடுமை. ஏற்கெனவே ஆலயம் கூட்டுவதும் பூ வைப்பதும் செபமாலை சொல்வதும் அவள்தான். ஆனால் தோட்டத்தில் ஒரு தாய் தனியாகப் பிள்ளை வளர்க்க முடியாது என்பதால்தானே பிள்ளை மடுவமே உண்டானது? அங்கே ஆயா இருக்கிறாள், வீட்டில் அம்மாயி இருக்கிறாள், மாதம் ஒருமுறை மருத்துவிச்சி வருகிறாள். இந்த வரிசையில் அதிகம் காணாமல் போகிறவன் தகப்பன். சபையிலும் அதே இடம் காலியாகக் கிடக்கிறது. கூட்டத்தில் தலைமைக்கும் கணக்குக்கும் வரும் ஆண்கள், நோயாளியைப் பார்க்கப் போகும்போது பின்னால் நிற்கிறார்கள்.

திருமுழுக்கு அன்று ஞானத்தாயும் ஞானத்தந்தையும் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் அந்த உறவு ஒரு சங்கிலியோடும் சட்டையோடும் முடிந்துவிடுகிறது. புதிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை. அந்த வாக்கை மாதம் ஒருமுறை நிறைவேற்றினாலே போதும், ஒவ்வொரு லயத்துக்கும் ஆள் கிடைத்துவிடும். ஒளிவிழாச் செலவில் ஒரு பங்கை உபதேசியாரின் சம்பளத்துக்கும் பஸ் காசுக்கும் ஒதுக்குவதைப் பங்குச் சபை இந்த ஆண்டே பேசலாம். வீடு சந்திக்கும் பட்டியலை எழுதும்போது ஞானத்தந்தைமாரின் பெயர்களிலிருந்து தொடங்கட்டும்.